‘வக்கீல் வெச்சுக்கலாம்... ஆனா காசு தரமாட்டோம்!’ - அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றத்தில் தனியே நிற்கும் குழந்தைகள்

2018 ஜூலை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரில் உள்ள குடியேற்ற நீதிமன்றம். அன்று விசாரணைக்கு வந்த வழக்குகளில் ஒன்றின் எதிர்மனுதாரர், பாட்டிலில் பால் குடித்துக்கொண்டிருந்தார். தரையில் தட்டினால் விளக்கு எரியும் ஊதா நிறப் பந்து ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். நடுநடுவே ‘அகுவா’ என்று ஸ்பானிஷ் மொழியில் தண்ணீர் கேட்டார். அவருக்கு வயது ஒன்று.

ஹோண்டுராஸ் நாட்டுக் குழந்தை அது. எல்லையில் அப்பாவிடமிருந்து பிரிக்கப்பட்டது. அப்பா ஏற்கெனவே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டார். நடைமுறைப்படி, ‘இந்த விசாரணை என்னவென்று புரிகிறதா?’ என எதிர்மனுதாரரிடம் நீதிபதி கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கவே தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று குழந்தையின் வக்கீலிடம் நீதிபதி வெளிப்படையாகவே சொன்னார். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் இதைச் செய்தியாக்க, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கடைசியில், ஹோண்டுராஸில் இருக்கும் குடும்பத்திடம் குழந்தையை அனுப்பிவைக்க உத்தரவானது.

இதில் பலரும் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குழந்தைக்கு ஒரு வக்கீலாவது இருந்தார். ஆனால், அவர் இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்லவில்லை.

ஹாலிவுட் படம் பார்க்கும் எல்லோருக்கும் ஒரு போலீஸ் வசனம் மனப்பாடம். ‘வக்கீல் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. வசதி இல்லையென்றால் அரசே ஒருவரை நியமிக்கும்.’ திருடனுக்கும் கொலைகாரனுக்கும் பொருந்தும் இந்த வசனம், நாடு கடத்தல் வழக்கில் நிற்கும் 6 வயதுக் குழந்தைக்குப் பொருந்தாது. ஏன்?

யார் இந்தக் குழந்தைகள்?

‘துணையற்ற குழந்தை’ யார் என்பதை 2002-ல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் மூன்று நிபந்தனைகளில் சொல்கிறது. வயது 18-க்குக் கீழே இருக்க வேண்டும். சட்டப்படியான குடியேற்ற அந்தஸ்து இருக்கக் கூடாது. பார்த்துக்கொள்ளக்கூடிய அம்மாவோ அப்பாவோ சட்டப்படியான காப்பாளரோ அமெரிக்காவில் இருக்கக் கூடாது. 2018-ல் பிரிக்கப்பட்ட குழந்தைகள், பெற்றோருடன் வந்திருந்தும் பிரித்த அந்தக் கணத்திலிருந்து ‘துணையற்றவர்கள்’ ஆனது இப்படித்தான்.

ஆனால் அவர்கள் விதிவிலக்கு. பெரும்பாலான குழந்தைகள் உண்மையிலேயே தனியாக வருகிறார்கள். குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் ஆகிய மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து வருபவர்களே அதிகம். ஆயுதக் கும்பல்களின் மிரட்டல், வறுமை, வீட்டுக்குள் வன்முறை, ஏற்கெனவே அமெரிக்காவில் வேலை பார்க்கும் பெற்றோருடன் சேரும் ஆசை என்று காரணங்கள் பல. பெரும்பாலோர் பதின்பருவத்தினர். கைக்குழந்தைகளும் உண்டு.

எண்ணிக்கையும் சின்னதல்ல. 2021, 2022 ஆகிய இரண்டு நிதியாண்டுகளிலும், ஒவ்வோர் ஆண்டும் 1,20,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசின் பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்டார்கள்.

வந்த பிறகு என்ன நடக்கும்?

எல்லைக் காவலர்கள் பிடித்த 72 மணி நேரத்துக்குள், அசாதாரணச் சூழல் இருந்தாலொழிய, குழந்தையைச் சுகாதாரத் துறையின் கீழ் இயங்கும் அகதிகள் மறுவாழ்வு அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அங்கிருந்து காப்பகம். பிறகு அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாராவது பொறுப்பேற்க முன்வந்தால் அவருடன் அனுப்பிவைப்பார்கள். இவருக்கு அங்கே ‘ஸ்பான்சர்’ என்று பெயர். பெற்றோரில் ஒருவர், அக்கா, மாமா, சித்தி என்று யாராகவும் இருக்கலாம்.

குழந்தை வீடு போய்ச் சேர்ந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் இங்கதான் ஆரம்பமே. ‘இவரை ஏன் நாடு கடத்தக் கூடாது?’ என்று கேட்கும் நோட்டீஸ் குழந்தையின் பெயரிலேயே வந்திருக்கும். ஸ்பான்சரின் வீடு எந்த ஊரோ, அந்த ஊர் குடியேற்ற நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும். வீடு மாறினால் 5 வேலை நாட்களுக்குள் புது முகவரியை அதற்கான படிவத்தில் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், அடுத்த விசாரணைத் தேதி பழைய வீட்டுக்குப் போகும். குழந்தைக்குத் தெரியாது. ஆஜராகாது. ‘வரவில்லை’ என்று குறித்துக்கொண்டு நாடு கடத்த உத்தரவிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. நம்ம ஊர் கோர்ட் பாஷையில், எக்ஸ்பார்ட்டி ஆர்டர்.

நீதிமன்றத்தில் எதிரே அரசுத் தரப்பு வக்கீல் இருப்பார். அவருக்கு இதுதான் முழுநேர வேலை. குழந்தையின் பக்கம் யாரும் இல்லாமலும் போகலாம். பொறுமையும் கனிவும் உள்ள நீதிபதிகள் இருக்கிறார்கள்தான். குழந்தைகள் வழக்குக்கான வழிகாட்டு நெறிமுறைகளும் உண்டு. கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு நீதிபதி பேசலாம். குழந்தை உயரமாக உட்கார தனி இருக்கை போடலாம். பொம்மை, தலையணை கொண்டுவரலாம். பொம்மைக்கு விதியில் இடம் உண்டு. வக்கீலுக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

அரசு ஏன் வக்கீல் தருவதில்லை?

அதே அரிசோனாவில் நடந்த இன்னொரு கதை இதைப் புரியவைக்கும். 1964-ல், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆபாசமாக போன் செய்ததாக 15 வயதுச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். அவனுக்கு வக்கீல் இல்லை. 21 வயதுவரை சீர்திருத்தப் பள்ளியில் இருக்க வேண்டும் என்று உத்தரவானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அடைத்து வைக்கும் அளவுக்குப் போகக்கூடிய வழக்கில் சிறாருக்கும் வக்கீல் உரிமை உண்டு, வசதியில்லை என்றால் அரசே நியமிக்க வேண்டும் என்று 1967-ல் தீர்ப்பு வந்தது. கால்ட் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது.

அப்போ, போனில் ஆபாசமாகப் பேசியதாகப் பிடிபட்ட சிறுவனுக்குக் கிடைக்கும் வக்கீல், உயிருக்குப் பயந்து ஓடிவந்த சிறுவனுக்கு ஏன் கிடைப்பதில்லை?

பதில் 1893-ல் இருக்கிறது. சீனத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், ‘நாடு கடத்தல் என்பது குற்றத்துக்கான தண்டனை அல்ல’ என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. தண்டனை இல்லையென்றால் அது கிரிமினல் வழக்கு இல்லை, சிவில் விவகாரம். கிரிமினல் வழக்குக்கு அரசியல் சாசனம் தரும் வக்கீல் உரிமை இங்கே வராது. இந்தப் பிரிவினை 130 ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது.

1952-ன் குடியேற்றச் சட்டம் இதை இன்னும் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசுக்கு எந்தச் செலவும் வரக் கூடாது. சிம்பிளாகச் சொன்னால், ‘வக்கீல் வெச்சுக்கோ, காசு நீ குடு’. 40 வயது சாஃப்ட்வேர் இன்ஜினீயருக்கும் 4 வயதுக் குழந்தைக்கும் ஒரே விதி.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. குடியேற்ற நீதிமன்றம் என்பது நாம் நினைக்கும் சுதந்திரமான நீதித்துறையின் பகுதி இல்லை. அது நீதித் துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அங்குள்ள நீதிபதிகள் அந்தத் துறையின் ஊழியர்கள்.

‘3 வயதுக் குழந்தைக்கும் சட்டம் சொல்லித் தரலாம்’

குழந்தைகளுக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று கோரி 2014-ல் சியாட்டிலில் சிவில் உரிமை அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அதில் சாட்சியம் அளித்த மூத்த குடியேற்ற நீதிபதி ஒருவர், 3 வயது, 4 வயதுக் குழந்தைகளுக்கே தான் குடியேற்றச் சட்டத்தைக் கற்றுக்கொடுத்திருப்பதாகவும், நேரமும் பொறுமையும் வேண்டும், ஆனால் அவர்களுக்குப் புரிந்துவிடும் என்றும் சொன்னார். மற்ற நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் பொறுப்பில் இருந்தவர் அவர். 2016-ல் இது வெளியே வந்ததும் கேலியும் கோபமும் கிளம்பின. தன் கருத்தை அது சரியாகப் பிரதிபலிக்கவில்லை என்று பிறகு அவர் விளக்கம் கொடுத்தார்.

அந்த வழக்கு என்ன ஆனது? குழந்தைக்கு வக்கீல் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கே போகாமல், ‘இதை விசாரிக்க வேண்டிய இடம் இது இல்லை’ என்று 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவைத்தது.

வக்கீல் இருந்தால் என்ன மாறும்?

சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் தரவு ஆய்வுக் குழுவான ‘ட்ராக்’, சுமார் பத்தாண்டு வழக்குப் பதிவுகளைத் திரட்டி 2014 ஜூலையில் ஒரு கணக்கு வெளியிட்டது.

வக்கீல் இருந்த குழந்தைகளில் 47 சதவீதம் பேர் அமெரிக்காவிலேயே தங்க அனுமதி பெற்றார்கள்.

வக்கீல் இல்லாத குழந்தைகளில் அப்படித் தங்கியவர்கள் வெறும் 10 சதவீதம். மீதி 90 சதவீதம் பேர் நாட்டைவிட்டு வெளியேற உத்தரவானது.

வலுவான வழக்காகப் பார்த்துத்தானே வக்கீல்கள் எடுப்பார்கள், அதனால்தான் ஜெயிக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த இடைவெளியில் ஒரு பகுதிக்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால், வழக்கு வலுவானதா இல்லையா என்பதையே ஒரு வக்கீல் உட்கார்ந்து பேசிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அதான் சிக்கலே.

கதவு இருக்கு... ஆனா யாருக்குத் தெரியும்?

குழந்தைகளுக்கென்றே அமெரிக்கச் சட்டத்தில் சில கதவுகள் உண்டு. புகலிடம் கேட்கலாம். அதிலும் துணையற்ற குழந்தைகள் முதலில் நீதிமன்றத்தில் வாதாட வேண்டியதில்லை. ஓர் அதிகாரி முன்னால் உட்கார்ந்து நேர்காணல் போலச் சொல்ல முடியும். வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று பெரியவர்களுக்கு இருக்கும் கெடு இவர்களுக்குக் கிடையாது. ஆள்கடத்தலுக்கு ஆளானவர்களுக்குத் தனி விசா இருக்கிறது.

இவற்றில் பலருக்கும் தெரியாத கதவு, 1990-ல் உருவாக்கப்பட்ட ‘சிறப்புக் குடியேற்றச் சிறார்’ அந்தஸ்து. அம்மா, அப்பா இருவரில் ஒருவராவது குழந்தையைக் கொடுமைப்படுத்தியிருந்தால், கவனிக்காமல் விட்டிருந்தால், கைவிட்டுப் போயிருந்தால் இதற்குத் தகுதி கிடைக்கலாம். பின்னாளில் கிரீன் கார்டு வரை போகும் வழி இது.

ஆனால் நடைமுறையைப் பாருங்கள். குடியேற்ற நீதிமன்றத்தில் இதை வாங்க முடியாது. முதலில் மாநில அரசின் குடும்ப நீதிமன்றத்துக்கோ சிறார் நீதிமன்றத்துக்கோ போக வேண்டும். ‘இந்தக் குழந்தை கைவிடப்பட்டது, சொந்த நாட்டுக்குத் திரும்புவது அதற்கு நல்லதல்ல’ என்று அங்கே உத்தரவு வாங்க வேண்டும். அந்த உத்தரவை வைத்துக் குடியேற்றத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை குடியேற்ற நீதிமன்றத்தில் நாடு கடத்தல் வழக்கு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அங்கே வாய்தா கேட்டு நிறுத்திவைக்க வேண்டும். மூன்று வெவ்வேறு அலுவலகங்கள், மூன்று வகை சட்டம்.

இதில் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. மத்தியச் சட்டப்படி 21 வயதுவரை விண்ணப்பிக்கலாம். ஆனால் பல மாநிலங்களின் சிறார் நீதிமன்றங்கள் 18 வயதைத் தாண்டியவரின் வழக்கை எடுப்பதில்லை. பதினேழரை வயதில் வக்கீல் தேட ஆரம்பிக்கும் பையனுக்கு, பிறந்தநாளோடு அந்தக் கதவு மூடிக்கொள்ளலாம்.

ஒரு சிறுவனின் வழக்கு இதை அப்படியே காட்டுகிறது. ஹோண்டுராஸில் ஆயுதக் கும்பல் ஒன்று, தங்களோடு சேரச் சொல்லித் துப்பாக்கி முனையில் மிரட்டியதால் 13 வயதில் அமெரிக்காவுக்கு ஓடிவந்தவன். அம்மாவுடன் வந்ததால் சட்டப்படி ‘துணையற்ற குழந்தை’ இல்லை. ஆனால் வக்கீல் பிரச்சினை அதேதான். வக்கீல் தேட நீதிபதி ஓராண்டுக்கும் மேல் அவகாசம் கொடுத்தார். அம்மா தேடினார். கட்டணம் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் அம்மாவே மகனுக்காகப் பேசினார். தோற்றார்கள்.

2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ‘அரசு செலவில் வக்கீல் என்ற உரிமை இவனுக்கு இல்லை’ என்றது. 2019-ல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அந்த முடிவை மாற்றியது. எப்படித் தெரியுமா? விசாரணையின்போது, அப்பா பல ஆண்டுகளாகத் தொடர்பிலேயே இல்லை என்று தெரியவந்திருக்கிறது. அப்படியென்றால் சிறப்புச் சிறார் அந்தஸ்துக்கு வழி இருக்கிறது என்று நீதிபதி சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை. அதனால் மறுபடி விசாரிக்க உத்தரவானது.

அப்பா தொடர்பில் இல்லை என்பது, அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சாதாரண உண்மை. அதற்குச் சட்டத்தில் ஒரு மதிப்பு இருக்கிறது என்பது அம்மாவுக்கும் மகனுக்கும் தெரியாது. விஷயம் தெரிந்த வக்கீல் முதல் நாளே கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. வக்கீல் உரிமை குறித்து அந்தப் பெரிய அமர்வு எதுவும் முடிவு செய்யவில்லை. அந்தக் கேள்வி மறுபடியும் தள்ளிப்போனது.

மொழி என்ற இன்னொரு சுவர்

குவாத்தமாலா என்றால் ஸ்பானிஷ் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அங்கிருந்து வரும் குழந்தைகள் பலரின் தாய்மொழி மாம், கிசே, கெக்சி போன்ற மாயன் மொழிகள். இந்த மொழிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது கஷ்டம். ஸ்பானிஷில் கேட்டால், பாதி புரிந்தும் ‘சரி’ என்று தலையாட்டிவிடும் குழந்தைகள் உண்டு.

மொழி சரியாக அமைந்தாலும், வீட்டில் நடந்த கொடுமையையோ வழியில் நடந்த பாலியல் வன்முறையையோ முதல் சந்திப்பிலேயே எந்தக் குழந்தையும் சொல்லிவிடாது. வரைய பேப்பர் கொடுத்து, விளையாடவிட்டு, நாலைந்து முறை சந்தித்த பிறகுதான் மெல்ல வாய் திறக்கும். அந்தப் பொறுமைதான் இந்த வக்கீல்களின் வேலையில் பாதி.

அப்போ இதுவரை யார் காசு கொடுத்தாங்க?

2008-ல் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் ஒரு வழி திறந்தது. துணையற்ற குழந்தைகளுக்கு, ‘நடைமுறையில் முடிந்த அளவு’ வக்கீல் கிடைப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்றது. இலவசமாக வாதாட முன்வரும் வக்கீல்களைப் பயன்படுத்த எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. உரிமை என்று சொல்லவில்லை, பொறுப்பு என்றது.

அதே 2008-ல் நடிகை ஏஞ்சலினா ஜோலியும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து ‘கைண்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கார்ப்பரேட் நிறுவனங்களுக்காக வாதாடும் பெரிய வக்கீல்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழந்தைகளுக்காக இலவசமாக வாதாட வைப்பது இதன் பாணி.

ஆனாலும் போதவில்லை. 2014 அக்டோபர் கடைசியில் நிலுவையில் இருந்த சுமார் 63,700 சிறார் வழக்குகளில், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே வக்கீல் இருந்ததாக ட்ராக் கணக்கு சொன்னது. அதன் பிறகு, நாடாளுமன்றம் ஒதுக்கும் நிதியிலிருந்து தொண்டு அமைப்புகளின் வக்கீல்களுக்கு அரசு சம்பளம் தரும் திட்டம் விரிவடைந்தது. அண்மைக் காலத்தில் அதை ஒருங்கிணைத்து வந்தது ‘அகேசியா நீதி மையம்’.

2025-ல் என்ன நடந்தது?

பிப்ரவரி 18: ‘வேலையை உடனே நிறுத்துங்கள்’ என்று டிரம்ப் அரசிடமிருந்து அகேசியாவுக்கு உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்ப, மூன்றே நாளில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

மார்ச் 21: ஒப்பந்தத்தின் பெரும்பகுதி ரத்து செய்யப்பட்டது. காப்பகங்களில் ‘உங்கள் உரிமைகள் இவை’ என்று வகுப்பெடுக்கும் வேலை மட்டும் தப்பியது. நீதிமன்றத்தில் கூட நிற்கும் வேலைக்கு நிதி நின்றது. அப்போது இந்தத் திட்டத்தில் வக்கீல் பெற்றிருந்த குழந்தைகள் சுமார் 26,000 பேர்.

ஏப்ரல் 1: தொண்டு அமைப்புகள் தொடுத்த வழக்கில், நிதியை நிறுத்த இடைக்காலத் தடை விதித்தது கலிஃபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம். ஏப்ரல் 29-ல் அந்தத் தடை நீட்டிக்கப்பட்டது. அதை நிறுத்திவைக்கக் கோரிய அரசின் மனுவை, மேல்முறையீட்டு நீதிமன்றம் மே மாதம் ஏற்கவில்லை.

இது இறுதித் தீர்ப்பு அல்ல, இடைக்கால நிவாரணம் மட்டுமே. வக்கீலைப் பொறுத்தவரை இன்னொரு சங்கடமும் உண்டு. காசு நின்றுவிட்டது என்பதற்காக, எடுத்த வழக்கைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. தொழில் நெறி தடுக்கும். சம்பளம் தர வழியில்லாத அமைப்பும், விலக முடியாத வக்கீலும், நடுவில் குழந்தையும் என்று நிலைமை இருந்தது.

அதே ஆண்டு ஜூலையில் வந்த புதிய சட்டம் கட்டணங்களையும் கூட்டியது. புகலிட விண்ணப்பத்துக்கு 100 டாலர், சிறப்புச் சிறார் அந்தஸ்துக்கு 250 டாலர்.

அரசுத் தரப்பு என்ன சொல்கிறது?

‘நடைமுறையில் முடிந்த அளவு’ என்றால், எவ்வளவு என்று தீர்மானிப்பது அரசின் விருப்பம். சட்டம் பேசுவதே இலவச வக்கீல்களைப் பற்றித்தான். எனவே நிதி தந்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசின் வாதம். இப்படி வசதிகள் செய்தால் ஆள்கடத்தல் கும்பல்கள் இன்னும் அதிகக் குழந்தைகளை அனுப்பும் என்பது குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தக் கோருவோரின் வாதம்.

மறுதரப்பு இன்னொரு கணக்கைக் காட்டுகிறது. 2024-ல் குடியேற்ற நீதிமன்றங்களில் 30 லட்சத்துக்கும் மேல் வழக்குகள் தேங்கிக் கிடந்தன. வக்கீல் உள்ள குழந்தைகள் ஒழுங்காக ஆஜராகிறார்கள். வக்கீல் தேட என்று வாய்தா மேல் வாய்தா கேட்க வேண்டியதில்லை. தகுதி இல்லாத வழக்கில், ‘இதற்கு வழியில்லை’ என்று குழந்தைக்கும் குடும்பத்துக்கும் எடுத்துச் சொல்வதும் வக்கீல்தான். ஆக, நீதிமன்றத்துக்கும் அது லாபமே என்கிறார்கள்.

இனி?

வக்கீல் கிடைத்த எல்லாக் குழந்தைகளும் அமெரிக்காவில் தங்கப்போவதில்லை. ட்ராக் கணக்கிலேயே, வக்கீல் இருந்தும் பாதிக்கும் மேற்பட்டோர் வெளியேற வேண்டியிருந்தது. ஃபீனிக்ஸ் குழந்தையின் வழக்கிலும் வக்கீல் இருந்தார். அந்த வழக்கின் முடிவு, அது ஹோண்டுராஸ் திரும்பி வீட்டாருடன் சேர்வதுதான். வக்கீல் இருப்பதன் பொருள், தங்குவது என்றாலும் திரும்புவது என்றாலும், குழந்தையின் நிலையைத் தெரிந்த ஒருவர் அதன் பக்கம் நின்று பேசிய பிறகு முடிவாகிறது என்பது.

நாடு கடத்தல் வழக்கில் நிற்கும் குழந்தைக்கு அரசு செலவில் வக்கீல் பெறும் உரிமை அரசியல் சாசனப்படி உண்டா? இந்த ஒற்றைக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதுவரை நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அதுவரை பதில் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து, ஒப்பந்தத்தைப் பொறுத்து, ஸ்பான்சரின் வீடு இருக்கும் ஊரில் இலவச வக்கீல் யாராவது இருக்கிறாரா என்பதைப் பொறுத்து மாறும். நோட்டீஸ் மட்டும் குழந்தையின் பெயருக்குத் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.